அவர்களுக்கு வகுப்பாசிரியர் யார்?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். இப்போது அவளும் டீச்சர். "மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என் பேரையும் போட்டிருக்காங்க டீச்சர். நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். வீடு வீடாகப் போவது பழகிவிடும், கடைசி ராத்திரிதான் கஷ்டம் என்றேன். "அது என்னங்க டீச்சர் கடைசி ராத்திரி?" என்றாள். அவளுக்குத் தெரியவில்லை. அதில் தப்பு இல்லை, 2011-க்குப் பிறகு நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லையே.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் படியுங்கள்.

2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போய் ஆட்களைக் கணக்கெடுத்தோம். அந்த 28-ஆம் தேதி இரவு மட்டும் தனி வேலை. வீடே இல்லாதவர்களை அந்த ஒரே இரவில் நாடு முழுவதும் எண்ணியாக வேண்டும். அடுத்த நாள் அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடலாம், இரண்டு இடத்தில் எண்ணப்படலாம், எங்கேயும் எண்ணப்படாமலும் போகலாம் என்பதால் இந்த ஏற்பாடு. சாலையோரம், பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை, சிமெண்ட் குழாய்க்குள் என்று எங்கே படுத்திருந்தாலும் போய்ப் பார்த்து எழுத வேண்டும். எனக்கும் இன்னொரு சாருக்கும் பஸ் ஸ்டாண்டு பகுதி. ராத்திரி நேரம் என்று எங்க வீட்டுக்காரரும் டார்ச் லைட்டோடு கூடவே வந்தார்.

படிவத்தில் 29 கேள்விகள். வீட்டில் இருப்பவருக்கும் அதே கேள்விகள், நடைமேடையில் படுத்திருப்பவருக்கும் அதே கேள்விகள். பிறந்த ஊர் எது, கடைசியாக எங்கே குடியிருந்தீர்கள், ஏன் அங்கிருந்து வந்தீர்கள். தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி இதையெல்லாம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, ஒன்று விடாமல் பொறுமையாகப் பதில் சொன்னார். முடித்து நான் எழுந்தபோது, "எழுதிப்போட்டு என்னங்க டீச்சர் ஆவும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "கணக்குல வருவீங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பிள்ளை, பள்ளிக்கூடச் சீருடையிலேயே, புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் விழித்திருந்தார். எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டேன். மூணாவது என்றார். அதை எழுதிக்கொண்டு நகர்ந்தேன். ஆனால் அந்தப் பிள்ளையை விட்டு என் மனசு நகரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லாதது அது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஜூன் மாதச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பதிவேடு என் கையில். ஒரு பெண், ஆறு ஏழு வயசுப் பையனோடு வந்து நின்றார். பெயர் கேட்டேன், அப்பா பெயர் கேட்டேன், விலாசம் கேட்டேன். "மாரியம்மன் கோயில் வாசலுங்க" என்றார். "அது விலாசம் இல்லம்மா. ரேஷன் கார்டு எடுத்துட்டு வாங்க, சேர்த்துக்கலாம்" என்றேன். விரட்டிப் பேசவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னேன். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார். திரும்ப வரவே இல்லை. ரேஷன் கார்டுக்கு விலாசம் வேண்டும், விலாசத்துக்கு வீடு வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் விதியை மீறவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு என் மேஜையில் நின்றுபோனது.

பஸ் ஸ்டாண்டில் தூங்கிய பிள்ளையை யாரோ ஒரு டீச்சர் சேர்த்திருக்கிறார். விலாசக் கட்டத்தில் என்ன எழுதினாரோ தெரியாது. 'பஸ் ஸ்டாண்டு' என்றே எழுதியிருக்கலாம். நான் செய்யாததை அவர் செய்திருக்கிறார்.

அந்த இரவுக்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் நிறையப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அதை நம் பள்ளிக்கூடப் பாஷையிலேயே சொல்கிறேன்.

ஒரு வகுப்புக்குக் கணக்கு டீச்சர், அறிவியல் டீச்சர், பி.டி. மாஸ்டர் என்று ஆறு பேர் வருவார்கள். ஒரு பையன் பத்து நாளாக வரவில்லை என்றால் யார் கவனிப்பார்? கணக்கு டீச்சர் தன் பாடத்தை நடத்திவிட்டுப் போவார், அறிவியல் டீச்சரும் அப்படியே. அவர்கள் மேல் குற்றம் இல்லை. காலையில் பெயர் கூப்பிட்டு, "அவன் ஏன் வரல?" என்று கேட்டு, பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி விசாரிப்பவர் வகுப்பாசிரியர். பதிவேடும் பொறுப்பும் ஒரே கையில் இருப்பதால் அவர் கேட்கிறார்.

வீடில்லாதவருக்கு அரசாங்கத்தில் பாட ஆசிரியர்கள் நிறைய உண்டு. இடம் நகராட்சியுடையது, ரேஷன் உணவுத் துறை, முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறை, காய்ச்சல் வந்தால் சுகாதாரத் துறை, பிள்ளை படிக்கக் கல்வித் துறை, ராத்திரி எழுப்பி விரட்டக் காவல் துறை. வகுப்பாசிரியர் மட்டும் இல்லை. கடந்த நாற்பது ஐம்பது வருஷ வரலாறு, அந்த வகுப்பாசிரியரைத் தேடிய வரலாறுதான்.

முதலில் பம்பாய்க் கதை. நம்ம சேலத்துக்காரர் ஒருவர் இதில் வருகிறார்.

1981 ஜூலை 13. மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே ஓர் அறிவிப்பு செய்கிறார். பம்பாய் நடைபாதைகளில் குடியிருப்பவர்கள் எல்லாரும் அப்புறப்படுத்தப்பட்டு, அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவார்கள் என்று. கொட்டும் மழைக்காலம் அது. இதை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும், நடைபாதைவாசிகள் சிலரும் நீதிமன்றம் போனார்கள்.

மனுப் போட்டவர்களில் ஒருவர் சேலத்திலிருந்து போனவர். நிலமில்லாத விவசாயக் கூலி. மழை பொய்த்து வேலை இல்லாமல் 1961-ல் பம்பாய் போனார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிய ஒரு மறைப்புக்கு, அங்கே அதிகாரம் பண்ணிய ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். மனைவியும் 16, 13, 5 வயதில் மூன்று பெண் பிள்ளைகளும் அதற்குள். ஜூலை 23 அன்று மாநகராட்சி ஆட்கள் அதைப் பிரித்துப் போட்டுவிட்டுக் குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மறுபடி பம்பாய்க்கே போய், மறுபடி ஒரு நடைபாதைக் குடிசையில் ஒண்டிக்கொண்டார். இதெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். 13-ஆம் தேதி முதலமைச்சர் அறிவிக்கிறார், 23-ஆம் தேதி வீடு இல்லை, பஸ் தயார். பத்தே நாள். துறைகள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யாது என்று நாம் சலித்துக்கொள்கிறோமே, விரட்டும்போது மட்டும் எவ்வளவு அழகாகச் சேர்கிறது பாருங்கள்! ஆனால் அந்தச் சேலத்துக்காரருக்குச் சேலத்திலேயே வேலை கொடுக்க எந்தத் துறையும் எந்தத் துறையோடும் சேரவில்லை. அதனால்தான் போன பஸ் தடத்திலேயே அவர் திரும்பினார்.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு சொல்லும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றது அந்தத் தீர்ப்பு. இன்றைக்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கிற தீர்ப்பு. ஆனால் நடைபாதையை ஆக்கிரமித்து இருக்க உரிமை இல்லை, முன்னறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழைக்காலம் முடிய, அக்டோபர் 31 வரை பொறுக்கச் சொன்னது.

அதில் இன்னொரு வரி என் கண்ணில் பட்டது. 1976-ல் எடுத்த கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும் என்பது அது. மாற்று இடம் கொடுத்த பிறகுதான் எழுப்ப வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை, என்றாலும் கொடுக்கத்தான் வேண்டும். அதாவது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தால் இடம் உண்டு. அன்றைக்கு அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால் இல்லை. "எழுதிப்போட்டு என்ன ஆவும்?" என்ற பெரியவருக்கு இதுதான் பதில் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இதே காலத்தில் உலக அளவிலும் ஒரு பேச்சு எழுந்தது. 1987-ஐ வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. இந்த யோசனையை 1980-ல் ஐ.நா. பொதுச்சபையில் முன்வைத்தவர் அப்போதைய இலங்கைப் பிரதமர் பிரேமதாச. தன் நாட்டில் லட்சம் வீடுகள் திட்டம், பிறகு பத்து லட்சம் வீடுகள் திட்டம் என்று முனைந்து நின்றவர் அவர். அதே அரசாங்கத்தின் காலத்தில்தான் 1983 ஜூலையில் கொழும்பில் பல்லாயிரம் தமிழர்கள் வீடிழந்து அகதி முகாம்களில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நாம் நினைவு வைக்க வேண்டியிருக்கிறது. வரலாறு ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட நோட்டு இல்லை.

அந்த ஆண்டை எல்லா நாடுகளும் கொண்டாடின. முப்பது வருஷம் விடாமல் பிடித்துக்கொண்ட நாடு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது பின்லாந்து. மொத்தமே 55 லட்சம் மக்கள் கொண்ட பணக்கார நாடு, நமக்கு அதுவா ஒப்பு என்று கேட்பீர்கள். பணத்தில் ஒப்பில்லைதான். வேலை செய்த முறையைப் பாருங்கள்.

முதலில் அவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். 1987 முதல் வருஷா வருஷம் வீடற்றோர் எத்தனை பேர் என்று நகராட்சிகள் கணக்குக் கொடுக்க வேண்டும். நம்மைப் போல் பத்து வருஷத்துக்கு ஒரு ராத்திரி அல்ல. ஆரம்பத்தில் கணக்கு 18 ஆயிரத்துக்கும் மேல் இருந்தது. இதற்கு முன்பே, 1985-ல், நகராட்சிகள், தேவாலயம், செஞ்சிலுவைச் சங்கம், கட்டுமானத் துறையினர் எல்லாம் சேர்ந்து ஒய் அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அது ஊருக்குள் சாதாரண அடுக்குமாடிகளில் ஒன்றிரண்டு வீடுகளாக வாங்கி வாடகைக்கு விட்டது. அங்கே சூதாட்ட இயந்திரங்களில் வரும் வருமானம் நல்ல காரியத்துக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. அந்தப் பணமும் இதற்கு வந்தது.

எண்ணிக்கை குறைந்தது. ஆனால் கடைசியில் ஒரு கூட்டம் மட்டும் அப்படியே நின்றது. குடிப்பழக்கம், மனநோய், சிறை, கடன் என்று பல சிக்கல் உள்ளவர்கள். அவர்களுக்கு இருந்தவை இரவு விடுதிகள். முதலில் குடியை விடு, பிறகு வீடு தருகிறோம் என்பது விதி. ரேஷன் கார்டு கொண்டு வா என்று நான் சொன்ன மாதிரிதான். வீடு இல்லாமல் அவனால் குடியை விட முடியவில்லை. குடியை விடாததால் வீடு கிடைக்கவில்லை.

2007-ல் நான்கு பேர் கொண்ட ஒரு குழு போட்டார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் பிஷப், ஒருவர் ஹெல்சிங்கி நகரச் சமூக சேவைத் துறையின் தலைவர், ஒருவர் ஒய் அறக்கட்டளைக்காரர். அவர்கள் கொடுத்த அறிக்கையின் தலைப்பு 'கதவில் பெயர்' என்று பொருள்படும். முதலில் வீடு, சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம், கதவில் அவர் பெயர். குடி, நோய், கடன் எல்லாவற்றையும் வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

2008-ல் அரசாங்கம் இதைத் திட்டமாக்கியது. வெறும் அறிவிப்பாக விடவில்லை. மத்திய அரசு பத்து நகரங்களோடு தனித்தனியாக உடன்படிக்கை எழுதியது. எந்த நகரம் எத்தனை வீடு, யார் கட்டுவது, யார் பணம் தருவது, உதவிக்கு நிற்கும் ஊழியர்களின் செலவில் அரசு பாதி, நகரம் பாதி என்று எல்லாம் எழுத்தில். பழைய விடுதிகளை வாடகை வீடுகளாக மாற்றினார்கள். ஹெல்சிங்கியில் 250 பேர் வரிசையாகப் படுத்த ஒரு விடுதி, 80 சொச்சம் தனி வீடுகளாக மாறியது. 2008-ல் அந்த நகரத்தில் 558 விடுதிப் படுக்கைகள், 2016-ல் 52. நாடு முழுவதும் நீண்டகாலமாக வீடற்றிருந்தவர்களின் எண்ணிக்கை இந்த எட்டு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2023-ல் மொத்த வீடற்றோர் 3,429 பேர்.

அடுத்த வருஷம், 2024-ல், அது 3,806 ஆக ஏறியது. பத்து வருஷத்துக்கும் மேலாக இறங்கிவந்த கோடு திரும்பியது. வீட்டு உதவித்தொகை உள்ளிட்ட சமூக உதவிகளை அரசாங்கம் குறைத்ததுதான் காரணம் என்று அங்கே பலரும் சொல்கிறார்கள். வகுப்பாசிரியர் ஒரு வருஷம் அசந்தால் போதும், வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடும். ஆனால் ஒன்று, வருஷா வருஷம் எண்ணுவதால்தான் அது அவர்களுக்கு உடனே தெரிந்தது. எண்ணாத இடத்தில் கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது.

இனி நம் நாடு. நாமும் சும்மா இல்லை. 1988-89-ல் மத்திய அரசு நகரங்களின் நடைபாதைவாசிகளுக்கு இரவுத் தங்குமிடமும் கழிப்பறையும் கட்ட ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஹட்கோ மூலம் கடன், மானியம் எல்லாம் உண்டு. மாநிலங்களும் நகராட்சிகளும் அந்தப் பணத்தை எடுக்கவில்லை. பயன்படவில்லை என்று 2005-ல் திட்டத்தையே மூடினார்கள். யாரும் எதிர்க்கவில்லை. யாருடைய வகுப்புப் பிள்ளையும் இல்லையே அவர்கள்.

2009 டிசம்பரில், டெல்லியின் கடும் குளிரில், பூசா சாலை ரவுண்டானா அருகே இருந்த ஒரு தற்காலிகத் தங்குமிடத்தை மாநகராட்சி பிரித்துப் போட்டது. அதில் இருந்தவர்கள் வெட்டவெளியில் படுத்தார்கள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் 2010 ஜனவரியில் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சாப்பாட்டுக்கான வழக்கில் தங்குமிடத்தைப் பற்றி எழுதலாமா என்று அவர்கள் தயங்கவில்லை. குளிரில் வெளியே படுப்பவருக்குச் சோறும் கூரையும் வேறு வேறு இல்லை என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் உடனே உத்தரவு போட்டது. பிறகு அது மற்ற பெருநகரங்களுக்கும் விரிந்தது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வீதம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும்.

அதே 2010-ல் டெல்லியில் நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியம் என்று சட்டப்படி ஓர் அமைப்பு வந்தது. தங்குமிடங்கள் அதன் பொறுப்பு. குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் ஒருவர் தெருவில் செத்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது.

2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது, நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடங்களும் அதில் ஒரு பகுதியாயின. லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் இடம், ஆளுக்கு 50 சதுர அடி. எனக்குப் பிடித்தது அதன் வழிகாட்டு நெறி. தங்குமிடம் என்றால் பாய் விரிக்கும் இடம் மட்டுமல்ல, அங்கிருப்பவருக்கு ரேஷன், அடையாள அட்டை, முதியோர் உதவித்தொகை, பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் வழி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. வகுப்பாசிரியர் வேலையை அப்படியே எழுதிவைத்திருந்தார்கள். எழுதியது அளவுக்கு நடக்கவில்லை. ஒதுக்கிய பணம் பல மாநிலங்களில் செலவாகாமல் கிடந்தது. ஈ.ஆர். குமார் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசி, 2016 நவம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பணம் இருந்தது, திட்டம் இருந்தது, தீர்ப்பும் இருந்தது. எடுத்துச் செய்ய ஒரு கை இல்லை.

நம் தமிழ்நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1945-லேயே இங்கே பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதில் வீடில்லாதவர் போலீஸ் பார்க்க வேண்டிய ஆள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பெருமைப்படலாம், லட்சக்கணக்கான குடும்பங்கள் கூரைக் குடிசையிலிருந்து காரை வீட்டுக்குப் போனார்கள். ஆனால் குடிசை இருந்தவருக்குத்தான் வாரியம். குடிசையும் இல்லாதவர் எந்தப் பட்டியலில் வருவார்? சொந்த மனையில் வீடு கட்ட மானியம் தரும் திட்டங்களும் அப்படித்தான். மனை இருக்க வேண்டும், பட்டா இருக்க வேண்டும். ஏணியின் முதல் படி தரையிலிருந்து ஆள் உயரத்தில் இருக்கிறது.

2010 தீர்ப்புகளுக்குப் பிறகு சென்னையிலும் மற்ற ஊர்களிலும் வீடற்றோர் தங்குமிடங்கள் பெருகின. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியோருக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று தனித்தனியாக. சென்னையின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். மரத்தடியில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்த சனத்தை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். தொண்டு நிறுவனம் நடத்துகிறது, மாநகராட்சி இடம் தருகிறது, சுகாதாரத் துறையின் வாசலில் நடக்கிறது. சேர்ந்து செய்தால் நடக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நான் கலந்துகொண்ட அந்த இரவின் கணக்கும் பிறகு வெளியானது. இந்தியா முழுவதும் வீடற்றோர் 17,73,040 பேர். 2001-ல் 19 லட்சத்துக்கும் மேல் இருந்தது. மொத்தத்தில் குறைந்திருக்கிறது, ஆனால் நகரங்களில் மட்டும் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாகக் கூடியிருக்கிறது. தமிழ்நாட்டில் 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். அந்த எண்ணில் எங்கள் பஸ் ஸ்டாண்டுப் பெரியவரும் ஒன்று, சீருடையில் தூங்கிய பிள்ளையும் ஒன்று. உண்மை எண் இதைவிட அதிகம் என்று இத்துறையில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு எந்தெந்தச் சந்துக்குள் போகாமல் திரும்பினோம் என்பது எங்களுக்குத் தெரியுமே.

இப்போது வருகிற கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். வழக்கப்படி பார்த்தால் அதற்கு முந்தைய இரவுதான் அந்தக் கடைசி ராத்திரி. பதினாறு வருஷம் கழித்து வரும் ஒரே ராத்திரி. உங்களில் எத்தனையோ பேர் டீச்சராக, கிராம நிர்வாக அலுவலராக, நகராட்சி ஊழியராக, செவிலியராக இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்றே விஷயம் கேட்கிறேன்.

கணக்கெடுக்கப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்பே ராத்திரி ஒருதரம் உங்கள் பகுதியைச் சுற்றிப் பாருங்கள். எங்கே யார் படுக்கிறார்கள் என்று தெரிந்துவைத்தால் அன்றைக்கு யாரும் விடுபட மாட்டார்கள். டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு கையில் இருப்பவர்கள், விலாசம் இல்லை, டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்றோ டி.சி. தாமதம் என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. எனக்கு அன்று அந்தச் சட்டம் இல்லை. ஆனால் சட்டம் இல்லாததால்தான் நான் அப்படிச் செய்தேன் என்று சொல்லி என்னைத் தப்பவிட எனக்கே மனசு வரவில்லை.

மற்ற அலுவலகங்களில் இருப்பவர்கள், "இது எங்க செக்‌ஷன் இல்லீங்க" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். எந்த செக்‌ஷன் என்று நீங்களே ஒரு போன் போட்டுக் கேட்டு, அங்கே பேசிவிட்டு அனுப்புங்கள். அரசாங்கம் அவர்களுக்கு ஒரு வகுப்பாசிரியரை நியமிக்கும் வரைக்கும், அன்றைய ஒரு நாளைக்கு நீங்கள் அந்த வேலையைப் பாருங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்தைந்து முப்பத்தாறு வயசு இருக்கும். எங்கே இருக்கிறானோ. பேர் எழுதிக்கொள்ளாமலே அனுப்பிவிட்டேன், அதனால் தேடவும் வழியில்லை.

போன் செய்த என் மாணவியிடம் இதெல்லாம் சொல்லி முடித்தபோது, "சரிங்க டீச்சர், நான் அந்தக் கடைசி ராத்திரி டூட்டியக் கேட்டு வாங்கிக்கறேன்" என்றாள். எனக்கு அது போதும்.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரவு டூட்டி பார்த்த அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், இளையவர்களுக்கு உதவும்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்